ஆஸ்பத்திரி பில்லில் வீண் எந்த வரியில் இருக்கிறது?

வாசகர் கேள்வி - பதில்: அமெரிக்க மருத்துவச் செலவும் அதன் அரசியலும்

டாலர் தொகைகளை நம் வழக்கப்படி கோடியில் தந்திருக்கிறோம். ஒரு பில்லியன் 100 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி.

கேள்வி: அமெரிக்காவில் வைத்தியத்துக்குச் செலவாகும் பணத்தில் கால் பங்கு வீண் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அந்தக் கணக்கை யார் போட்டது? – வாசகர், மதுரை

2019 அக்டோபரில் ஜாமா மருத்துவ இதழில் வில்லியம் ஷ்ராங்க் உள்ளிட்ட மூவர் எழுதிய கட்டுரைதான் மூலம். 2012க்குப் பிறகு வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்து, ஆண்டுக்கு 76,000 கோடி டாலர் முதல் 93,500 கோடி டாலர் வரை வீண் என்றார்கள். ஷ்ராங்க் அப்போது ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியான ஹியூமானாவில் தலைமை மருத்துவப் பொறுப்பில் இருந்தவர். இதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆறு தலைப்பில் பிரித்திருக்கிறார்கள். நிர்வாகச் சிக்கல், அதாவது பில், படிவம், அனுமதி வகையறா 26,560 கோடி. விலைக் கோளாறு 23,070 கோடி முதல் 24,050 கோடி. சிகிச்சை சரியாகத் தரப்படாததால் வரும் செலவு 10,240 முதல் 16,570 கோடி. தேவையில்லாத சிகிச்சை 7,570 முதல் 10,120 கோடி. மோசடி 5,850 முதல் 8,390 கோடி. ஒரு டாக்டர் செய்தது இன்னொரு டாக்டருக்குத் தெரியாததால் வருவது 2,720 முதல் 7,820 கோடி.

கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் மேடையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. கடைசிக்கு முந்தைய இடத்தில் இருக்கும் மோசடிதான் ஒவ்வொரு பேச்சிலும் முதலில் வரும். முதலிடத்தில் இருக்கும் நிர்வாகச் செலவைக் குறைக்க என்ன செய்தால் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லும் ஆய்வு ஒன்றுகூடத் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று கட்டுரையாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

மொத்தச் செலவு எவ்வளவு என்று கேட்டால், 2023இல் 4.9 லட்சம் கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். தலைக்கு 14,570 டாலர்.

கேள்வி: சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் நைட் ஷிஃப்டில் ஏஆர் காலராக, அதாவது வராத பில் பணத்துக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போடுபவராக, இருக்கிறேன். நீங்கள் சொல்லும் 'நிர்வாக வீண்' என்பது எங்கள் சம்பளம்தானா? – வாசகி, பெருங்குடி

ஒரு பகுதி, ஆமாம். ஆனால் குற்றவாளி நீங்கள் இல்லை. ஒரு முழங்கால் எம்ஆர்ஐ எத்தனை கைமாறுகிறது என்று உங்களுக்குத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறோம்.

நோயாளி வருவதற்கு முன்பே ஒருவர் இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார். இன்னொருவர் முன் அனுமதி, அதாவது ப்ரையர் ஆத் வாங்குகிறார். ஸ்கேன் முடிந்ததும் கோடர், நோய்க்கு ஐசிடி-10 குறியீடும் வேலைக்கு சிபிடி குறியீடும் போடுகிறார். ஐசிடி-10இல் மட்டும் 70,000 குறியீடுகள். பிறகு கட்டணம் பதியும் சார்ஜ் என்ட்ரி, பிழை பார்க்கும் மென்பொருள், கிளெய்மைக் கைமாற்றி அனுப்பும் கிளியரிங் ஹவுஸ். அதற்கப்புறம்தான் கிளெய்ம் இன்ஷூரன்ஸ் வாசலை மிதிக்கிறது. அந்தப் பக்கமும் இதே அளவுக்கு ஆட்கள், இதையெல்லாம் திருப்பிச் சோதிக்க.

எங்கே முறிகிறது என்றால், பெரும்பாலும் சின்ன இடத்தில். அனுமதி வாங்கியது 73721க்கு, அதாவது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுக்கும் ஸ்கேன். மேஜையில் ரேடியாலஜிஸ்ட், மருந்து ஏற்றியும் ஒருமுறை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்கிறார். குறியீடு 73723 ஆகிவிடுகிறது. அனுமதியும் பில்லும் பொருந்தாததால் சிஓ-197 என்ற குறியோடு டினையல், அதாவது மறுப்பு, வருகிறது. மூன்று வாரம் கழித்து நீங்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, பின்தேதியிட்ட அனுமதி தருவார்களா என்று கேட்க லைனில் காத்திருக்கிறீர்கள். அதைச் சில கம்பெனிகள் சில நாளுக்குள் மட்டும் ஏற்கும், சில ஏற்கவே ஏற்காது. கிளெய்ம் அனுப்பும் கெடுவும் அப்படித்தான்: முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் என்றால் ஓராண்டு, தனியார் சிலரிடம் 90 நாள். தவறினால் சிஓ-29 என்ற மறுப்பு, பணம் போனதுதான். ஸ்கேன் எடுத்ததில் யாருக்கும் சந்தேகம் இல்லை, தேவைதான் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஓர் இலக்கம் மாறியதற்காக இரண்டு கண்டங்களில் நாலைந்து பேர் வேலை பார்க்கிறார்கள்.

கடல் கடந்து வேலை வந்ததற்குக் காரணம் இந்தச் சிக்கல் மலிவாகக் கையாளப்பட வேண்டும் என்பதுதான். மலிவான பிறகு அதை அவிழ்க்க யாருக்கும் அவசரம் இல்லை. கனடாவில் ஒரு மாகாணத்துக்கு ஒரே அரசு இன்ஷூரன்ஸ், டாக்டர் கட்டணத்துக்கு ஒரே பட்டியல். இவ்வளவு படிகளுக்கு அங்கே வேலையில்லை.

ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. வாங்கும் பிரீமியத்தில் சிறு குழு, தனிநபர் பாலிசிகளில் 80 சதவீதமும், பெரிய குழுக்களில் 85 சதவீதமும் வைத்தியத்துக்கும் தர மேம்பாட்டுக்கும் போக வேண்டும். குறைந்தால் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். நல்ல விதிதான். இரண்டு ஓட்டைகள். ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவுச் சம்பளமும் இந்தக் கணக்கில் 'வைத்தியம்' என்ற பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அடுத்தது, மிச்சம் 20 சதவீதம் என்பது மொத்தத்தின் சதவீதம். மொத்தம் பெருத்தால் அந்த 20ம் பெருக்கும்.

கேள்வி: ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஸ்கேன். என் மகனுக்கு ஒரு விலை, அவன் நண்பனுக்கு வேறு விலை. இது எப்படி? – வாசகர், கோயம்புத்தூர்

ஆஸ்பத்திரி, ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் கம்பெனியோடும் தனித்தனியே பேரம் பேசி விலை வைக்கிறது. சார்ஜ்மாஸ்டர் என்ற பட்டியல் விலை ஒன்று உண்டு. ஜவுளிக்கடையில் தள்ளுபடிக்கு முன் ஒட்டும் விலை மாதிரி. 2021 ஜனவரி முதல் பேரம் பேசிய விலைகளையும், முன்கூட்டித் திட்டமிடக்கூடிய 300 சேவைகளின் விலையைப் புரியும்படியும் ஆஸ்பத்திரிகள் இணையத்தில் போட வேண்டும் என்பது விதி. போடுகிறார்கள். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட கோப்பாகப் போடுகிறார்கள்.

இதைவிட மோசமானது வசதிக் கட்டணம், அங்கே ஃபெசிலிட்டி ஃபீ என்பார்கள். தெருமுனையில் ஒரு டாக்டரின் கிளினிக் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி அதை வாங்கிப் பெயர்ப்பலகை மாற்றுகிறது. அதே டாக்டர், அதே நாற்காலி, அதே ஊசி. ஆனால் இப்போது டாக்டர் கட்டணத்தோடு 'ஆஸ்பத்திரி வெளிநோயாளி' கட்டணமும் சேர்ந்து வரும். எங்கே செய்தாலும் ஒரே விலை என்று ஆக்க 2015இல் மெடிகேர் அளவில் ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த கிளினிக்குகளுக்கு விலக்கு. 2023 டிசம்பரில் கீழவை 320க்கு 71 என்று இரு கட்சி ஆதரவோடு இன்னொரு படி எடுத்தது. மேலவை அதைக் கையில் எடுக்கவே இல்லை. பல தொகுதிகளில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது ஆஸ்பத்திரிதான் என்பதை மறந்தால் இந்த அரசியல் புரியாது.

மருந்து விலையில்தான் கொஞ்சம் அசைவு. மெடிகேர் மருந்துத் திட்டத்தை உண்டாக்கிய 2003 சட்டம், அரசு விலை பேசக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தது. 2022 ஆகஸ்ட் சட்டம் அதை ஓரளவு தளர்த்தி, முதலில் பத்து மருந்துகளுக்கு 2026 ஜனவரி முதல் பேசிய விலையைக் கொண்டுவந்தது. சர்க்கரைக்கான ஜனுவியா ஒரு மாதத்துக்கு 527 டாலர் பட்டியல் விலை, பேசியது 113. ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் எலிக்விஸ் 521லிருந்து 231. ஆனால் 79 சதவீதம் மிச்சம் என்று விளம்பரப்படுத்துவதை அப்படியே நம்பாதீர்கள். பட்டியல் விலையை முன்பும் யாரும் முழுதாகக் கொடுக்கவில்லை, இடையில் மருந்துக் கம்பெனி தரும் தள்ளுபடிக் கழிவுகள் உண்டு. கழிவுகளுக்குப் பிந்தைய விலையோடு ஒப்பிட்டு அரசே போட்ட கணக்கில் பத்து மருந்துக்கும் சேர்த்து மிச்சம் 22 சதவீதம்.

கேள்வி: மருந்தகத்தில் வேலை செய்கிறேன். பில்லில் வராத வீண், நேரே குப்பைத் தொட்டிக்குப் போவது, அங்கேயும் உண்டா? – வாசகர், திருச்சி

புற்றுநோய் ஊசி மருந்துகளில் நிறைய. பீட்டர் பாக் குழுவினர் 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை, குப்பியின் அளவு காரணமாகவே அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் போகிறது என்று கணக்கிட்டது.

போர்டிசோமிபை எடுத்துக்கொள்வோம். உடல் பரப்பு சதுர மீட்டருக்கு 1.3 மி.கி. நோயாளியின் பரப்பு 1.6 ச.மீ. என்றால் வேண்டியது 2.08 மி.கி. அமெரிக்காவில் வெகுகாலம் 3.5 மி.கி. குப்பி மட்டுமே விற்றார்கள். மிச்சம் 1.42 மி.கி., அதாவது வாங்கியதில் 40 சதவீதம். கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத மருந்து. கரைத்தால் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அடுத்த நோயாளி அன்றைக்கே வராவிட்டால் தொட்டிதான். பிரிட்டனில் 1 மி.கி. குப்பியும் இருந்தது. நம் ஊர் ஜெனரிக்கில் 2 மி.கி. குப்பி கிடைக்கிறது, 2.08ஐ 2 ஆக்கினால் குறைவது 4 சதவீதத்துக்கும் கீழே. இந்த அளவு முழுமையாக்கல் புற்றுநோய் மருந்தகங்களில் ஏற்கப்பட்ட வழக்கம்.

இன்னும் வேடிக்கை, கீட்ரூடா என்ற புற்றுநோய் மருந்து. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் 50 மி.கி. குப்பியை நிறுத்தி 100 மி.கி. மட்டும் என்று ஆக்கினார்கள். அப்போதைய அளவு கிலோவுக்கு 2 மி.கி. எழுபது கிலோ ஆளுக்கு 140. மூன்று ஐம்பதுகளில் வீண் 10 மி.கி.; இரண்டு நூறுகளில் வீண் 60 மி.கி.

இதற்கு 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில், சாலை பாலங்களுக்கு நடுவே, ஒரு பிரிவு நுழைந்தது. மெடிகேர் பணத்தில் வாங்கிய ஒற்றைக் குப்பி மருந்தில் 10 சதவீதத்துக்கு மேல் கொட்டப்பட்டால் கம்பெனி அந்த வரம்புக்கு மேற்பட்ட பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 2023 ஜனவரி முதல் அமல். அதற்குக் கணக்கு வேண்டும் அல்லவா? கொட்டிய அளவுக்கு ஜேடபிள்யூ, கொட்டவில்லை என்றால் ஜேஇசட் என்று கிளெய்மில் எழுத வேண்டும். பெருங்குடி வாசகிக்கு இன்னொரு டினையல் காரணம் கிடைத்தது.

கேள்வி: ஒபாமா சட்டம் வந்தும் வீண் ஏன் குறையவில்லை? 'மரணக் குழு' என்று ஒரு கூச்சல் கேட்டதே, அது என்ன? – வாசகர், சேலம்

2009 கோடையில் கீழவை மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது: கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்று நோயாளி விரும்பினால் டாக்டரிடம் பேசலாம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த நேரத்துக்கு மெடிகேர் டாக்டருக்குப் பணம் தரும். அந்த ஆகஸ்டில், குடியரசுக் கட்சியின் முன்னாள் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின், அரசு அதிகாரிகள் முதியவர்கள் வாழலாமா என்று தீர்மானிக்கும் 'மரணக் குழு' வருகிறது என்று எழுதினார். பிரிவை எடுத்துவிட்டார்கள். அதே பேச்சுக்கு 2016 ஜனவரி முதல் மெடிகேர் சத்தமில்லாமல் பணம் தருகிறது, குறியீடு 99497. யாரும் தெருவுக்கு வரவில்லை.

2010 மார்ச் 21 அன்று 219க்கு 212 என்று கீழவையில் தேறி, 23ஆம் தேதி கையெழுத்தான சட்டத்தில் செலவைக் குறைக்கும் பற்கள் சில இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். மெடிகேர் செலவு அளவு மீறினால் வெட்டு சொல்ல 15 பேர் கொண்ட வாரியம் ஒன்று. நோயாளிக்கான சலுகையைக் குறைக்கவோ, சிகிச்சையை ரேஷன் போல அளந்து தரவோ அதற்கு அதிகாரம் இல்லை என்று சட்டமே சொன்னது. அப்படியும் ஓர் உறுப்பினர்கூட நியமிக்கப்படாமலே 2018 பிப்ரவரியில் ரத்து. விலை உயர்ந்த கம்பெனி பாலிசிகளுக்கு 40 சதவீத வரி. இதைக் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து, ஜனநாயகக் கட்சியின் தூண்களான தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. இரண்டு முறை தள்ளிப்போட்டு, ஒரு டாலர்கூட வசூலாகாமல் 2019 டிசம்பரில் ஒழிந்தது. எந்தச் சிகிச்சை எதைவிட நல்லது என்று ஆராய ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஒரு நல்ல வாழ்நாள் ஆண்டுக்கு இத்தனை டாலர் என்று வரம்பு வைத்துச் சிகிச்சையைப் பரிந்துரைக்க அதற்குத் தடை போட்டார்கள்.

ஆக, காப்பீடு விரிந்தது. விலை பேசும் கை கட்டப்பட்டது. 2017 ஜூலையில் குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன், சட்டத்தை ரத்து செய்யும் முயற்சிக்கு எதிராக மேலவையில் கட்டைவிரலைக் கீழே காட்டியதால் சட்டம் பிழைத்தது என்று இன்றும் பேசுகிறார்கள். அன்று பிழைத்ததும் காப்பீட்டுப் பகுதிதான்.

கேள்வி: 2025இல் டிரம்ப் சட்டம் மெடிகெய்டில் வீண், மோசடி, முறைகேடு மூன்றையும் ஒழிக்கிறது என்றார்கள். ஒழிக்கிறதா? – வாசகர், திருநெல்வேலி

மெடிகெய்டு ஏழைகளுக்கானது, மெடிகேர் முக்கியமாக 65 வயதைத் தொட்டவர்களுக்கானது. இதைக் குழப்பிக்கொண்டால் பாதி வாதம் புரியாது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், மெடிகெய்டுக்கு மத்திய அரசு தரும் பணத்தைப் பத்தாண்டில் 90,000 கோடி டாலருக்கு மேல் குறைக்கிறது. 2034க்குள் மேலும் ஒரு கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் இருப்பார்கள் என்பது நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு. 2010 சட்டத்தின் மெடிகெய்டு விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்ததைக் காட்ட வேண்டும். விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்கள் பொதுவாக 2027 ஜனவரிக்குள் தொடங்க வேண்டும்.

இது முன்பே ஒருமுறை நடந்தது. 2018இல் ஆர்கன்ஸா மாநிலம் இதே விதியைக் கொண்டுவந்தது. வேலை நேரத்தை இணையத்தில்தான் பதிய வேண்டும். அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடி, காலை 7 மணிக்குத் திறக்கும். கடை வேலை முடிந்து ஒன்பதரைக்கு வீடு வருபவர் என்ன செய்வார்? சில மாதங்களில் 18,000க்கும் மேற்பட்டவர்கள் காப்பீடு இழந்தார்கள். வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடவில்லை என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள், அல்லது விலக்குக்குத் தகுதியானவர்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. மணிக்கணக்கைச் சரிபார்க்கப் புது மென்பொருளும் ஆட்களும் வேண்டியிருந்தது. வீணைத் தேடப் போய் நிர்வாகச் செலவைக் கூட்டியது.

எண்களிலும் ஒரு தந்திரம் உண்டு. 2024 நிதியாண்டில் மெடிகெய்டில் 'முறையற்ற பட்டுவாடா' 5.09 சதவீதம். உடனே மோசடி என்கிறார்கள். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஆவணக் குறைபாடு: ஒரு கையெழுத்து இல்லை, ஒரு தேதி இல்லை, அல்லது மறுபதிவுத் தாள் கோப்பில் இல்லை.

மோசடியே இல்லையா? தாராளமாக இருக்கிறது. 2025 ஜூனில் மத்திய நீதித்துறை ஒரே வீச்சில் 324 பேர் மீது வழக்குப் போட்டது. கோரப்பட்ட பொய்ப் பில் 1,460 கோடி டாலர். அதில் பெரும்பங்கு ஒரே கும்பல்: இருக்கிற மருத்துவ உபகரணக் கம்பெனிகளை வாங்கி, திருடிய மெடிகேர் எண்களை வைத்து, யாரும் கேட்காத சிறுநீர்க் குழாய்களுக்குப் பில் போட்டது என்பது குற்றச்சாட்டு. பில் போடுகிறவன்தான் கொள்ளையடிக்கிறான். 80 மணி நேரம் காட்டச் சொல்வது நோயாளியை. இரண்டு மாநிலத்தில் ஒரே ஆள் பதிவாகி, இரண்டு இடத்திலும் தனியார் கம்பெனிக்கு மாதக் கட்டணம் போவதும் உண்மைதான். அதைத் துடைக்க வேண்டும் என்பதில் குடியரசுக் கட்சி சொல்வது சரி.

ஆனால் பெரிய ஓட்டை மெடிகேர் அட்வான்டேஜ் என்ற தனியார் வழித் திட்டம். அதே முதியவர்கள் அரசுத் திட்டத்தில் இருந்தால் ஆவதைவிட 2024இல் 8,300 கோடி டாலர் கூடுதல் என்று நாடாளுமன்றத்தின் ஆலோசனைக் குழுவான மெட்பேக் மதிப்பிட்டது. ஒருவர் எவ்வளவு நோயாளி என்று பதிவாகிறாரோ அவ்வளவு மாதக் கட்டணம் அரசிடமிருந்து கம்பெனிக்குப் போகும். அதனால் பழைய கோப்புகளைக் கிளறி நோய்க் குறியீடு சேர்ப்பதே ஒரு தொழில். எச்சிசி கோடிங் என்று சென்னை, கோவை வேலை விளம்பரங்களில் பார்க்கிறீர்களே, அதுதான். இந்தத் திட்டத்தில் இருக்கும் முதியவர்களின் வாக்கு இரண்டு கட்சிக்கும் வேண்டும். அதனால் மேடையில் இந்த வீண் பற்றிக் குரல் தணிந்துவிடுகிறது.

கேள்வி: பெரிய பில் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? – வாசகி, டாலஸ்

முதலில், பணம் கட்டாதீர்கள். இஓபி எனும் விளக்கத்தாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரட்டும். அது பில் கிடையாது. அதில் நான்கு கட்டம் பாருங்கள்: கேட்ட தொகை, அனுமதித்த தொகை, கம்பெனி கட்டியது, உங்கள் பங்கு. ஆஸ்பத்திரி பில்லில் உள்ள தொகை 'உங்கள் பங்கு' கட்டத்தோடு பொருந்த வேண்டும். கூடுதலாக இருந்தால், இன்ஷூரன்ஸ் பேரத்தில் கழிய வேண்டிய தள்ளுபடியை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து, சிபிடி குறியீட்டோடு வரிவரியாகப் பில் கேளுங்கள். அடிக்கடி வரும் தவறுகள்: ஒரே பரிசோதனை இரண்டு முறை, ரத்து செய்த சோதனை, அவசரப் பிரிவில் சாதாரண வருகைக்கு 99283க்குப் பதில் மிகக் கடுமையான 99285. வருடாந்திர இலவசப் பரிசோதனைக்குப் போய் முழங்கால் வலியையும் சொன்னால், 25 என்ற ஒட்டுக் குறியோடு 99213 என்ற டாக்டர் வருகைக் கட்டணம் தனியாகச் சேரும். இது தவறில்லை, தெரிந்திருக்க வேண்டியது. பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையில் கவனம்: நோய் அறிகுறி இல்லாமல் வயதுக்காகச் செய்த சோதனையில் ஒரு சதைக்கட்டியைக் கண்டு எடுத்தாலும், 2010 சட்டத்துக்கு உட்பட்ட தனியார் பாலிசியில் உங்கள் பங்கு பூஜ்யம். குறியீட்டில் 33 என்ற ஒட்டு விட்டுப்போனால் ஆயிரக்கணக்கில் பில் வரும். டாக்டர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, திருத்திய கிளெய்ம் அனுப்பச் சொல்லுங்கள்.

2022 ஜனவரி முதல், அவசர சிகிச்சையிலும், உங்கள் நெட்வொர்க் (இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள) ஆஸ்பத்திரியில் வந்து போன வெளி மயக்க மருந்து டாக்டர், ரேடியாலஜிஸ்ட் விஷயத்திலும் நெட்வொர்க் பங்குக்கு மேல் கேட்கக் கூடாது. தரைவழி ஆம்புலன்ஸ் இதில் சேராது. மிகப் பலருக்கு அடி விழுவது அங்கேதான்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் 180 நாளுக்குள் கம்பெனியிடமே மேல்முறையீடு. அதுவும் தோற்றால் நான்கு மாதத்துக்குள் வெளி மறுஆய்வு. இன்ஷூரன்ஸ் இல்லாதவர் முன்கூட்டியே உத்தேசக் கணக்கு எழுத்தில் வாங்கலாம். அதைவிட 400 டாலர் அல்லது மேல் கூடினால் பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் முறையிடலாம்.

லாபநோக்கற்ற ஆஸ்பத்திரி என்றால் நிதியுதவிக் கொள்கை வைத்திருப்பது சட்டக் கட்டாயம். முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டால் அது ஆஸ்பத்திரிக் கடனாக இருக்காது, வங்கிக் கடனாகிவிடும், அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு போனுக்கும் தேதி, பேசியவர் பெயர், ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் குறித்துவையுங்கள்.

கேள்வி: பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் போகிறோம். இருவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம். எந்த இன்ஷூரன்ஸ்? – வாசகர், தஞ்சாவூர்

வருகையாளர் பாலிசியில் இரண்டு வகை. ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் என்று நிலையான தொகை தருவது ஒன்று. பிரீமியம் குறைவு, பெரிய பில்லில் கைவிட்டுவிடும். டிடக்டிபிளுக்கு (முதலில் நாம் கைக்காசில் கட்டும் தொகைக்கு) மேல் சதவீதமாகக் கட்டும் விரிவான பாலிசி மற்றொன்று. இதைத்தான் எடுங்கள். முன்பே உள்ள நோய்க்கு வழக்கமான சிகிச்சை பெரும்பாலும் வராது. 'திடீர்த் தீவிரம்' என்ற பிரிவில் என்ன வரம்பு, எந்த வயது வரை என்று படித்துப் பாருங்கள். மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சல், சின்னக் காயம் என்றால் அர்ஜென்ட் கேர் என்ற உடனடிச் சிகிச்சைக் கிளினிக். நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் யோசிக்காமல் அவசரப் பிரிவு. 1986 சட்டப்படி பணம் கேட்காமல் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும். பில் பிறகு வரும்.

கிரீன் கார்டோடு போய்த் தங்குகிறவர்கள், 65 வயதோடு தொடர்ந்து ஐந்தாண்டு வசித்த பிறகே மெடிகேரைப் பணம் கட்டி வாங்க முடியும். வேலைப் பதிவே இல்லாதவருக்கு 2025இல் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவுக்கு) மாதம் 518 டாலர், பார்ட் பி (டாக்டர் செலவுக்கு) 185.

கேள்வி: இன்ஷூரன்ஸ் இருக்கும்போதே ரொக்கம் கொடுத்தால் மலிவு என்கிறார்களே? – வாசகர், எடிசன்

பல சமயம் உண்மை. ரத்தப் பரிசோதனை, ஜெனரிக் மாத்திரை, தனி மையத்து ஸ்கேன் மூன்றிலும் ரொக்க விலை கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் டிடக்டிபிள் கணக்கில் ஏறாது. ஆண்டின் தொடக்கத்தில், அடுத்து அறுவை சிகிச்சை இருக்கிறது என்றால் இன்ஷூரன்ஸ் வழியே போங்கள். டிசம்பரில், வேறு செலவு இல்லை என்றால் ரொக்கம். எதுவானாலும் வரவேற்பு மேஜையில் கார்டைக் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். கிளெய்ம் போய்விட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.